சுவிட்சைப் போட்டும் எரியாத லைட்: கனவில் வரும் இருட்டு

எனக்கு வருஷத்துக்கு ஓரிரு முறை வரும் கனவு ஒன்று உண்டு. ஊரில் உள்ள பழைய வீடு. இராத்திரி. வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறேன். கும்மிருட்டு. நடையைத் தாண்டியதும் இடது கைப் பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை, அதில் குமிழ் வைத்த பழைய கறுப்பு சுவிட்ச் இரண்டு. கை தானாக அங்கே போகிறது. டக். எரியவில்லை. அடுத்தது. டக். அதுவும் எரியவில்லை. மேலே, கீழே, மேலே, கீழே என்று தட்டிக்கொண்டே இருக்கிறேன். கரண்ட் போகவில்லை என்பது மட்டும் தெரிகிறது, ஏனென்றால் எதிர்வீட்டு மாடியில் லைட் எரிகிறது. அதோடு விழிப்பு வந்துவிடும்.

இதை நாலு பேரிடம் சொன்னபோது இரண்டு பேர் "அட, எனக்கும் வருமே" என்றார்கள். அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் தூக்கத்துக்குள் இருந்தபடியே கண்ணசைவால் சைகை காட்டியதை 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகக் கருவியில் பதிவு செய்தவர் கீத் ஹெர்ன். அவர் 1981-ல் இன்னொரு சோதனை செய்தார். அதே பழக்கம் உள்ள சிலரிடம், கனவுக்குள் ஒரு லைட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பெரும்பாலோரால் முடியவில்லை. கனவுக்காட்சியின் வெளிச்சத்துக்கு அந்தந்த நேரத்தில் ஓர் உச்ச அளவு இருக்கலாம், அதைத் திடீரென்று தாண்ட மூளையால் முடியாமல் போகலாம் என்று அவர் யோசித்தார். அதாவது என் சுவிட்சில் கோளாறு இல்லை. காட்சியைத் தயாரிக்கிற இடத்திலேயே லோ வோல்டேஜ்.

இது ஒரு விளக்கம். நல்ல விளக்கம்தான். ஆனால் ஏன் அந்த வீடு, ஏன் இராத்திரி என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு இணையத்தில் இறங்கினால் 'கனவு பலன்' பட்டியல்கள் வந்து குவிகின்றன. இருட்டைக் கண்டால் கவலை, இருட்டில் நடந்தால் பண நஷ்டம், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் காரிய வெற்றி. இவற்றில் பாதி எங்கோ வேற்று மொழியில் எழுதப்பட்டு இங்கே பெயர்த்து ஒட்டப்பட்டவை என்பது வாசித்தாலே தெரியும். கனவை அப்படிப் பெயர்க்க முடியாது என்பதுதான் என் கட்சி. காரணம் எளிது. கனவு காண்கிறவர் எந்த மொழியில் புழங்குகிறாரோ அந்த மொழியின் பேச்சைத்தான் கனவு படமாக வரைகிறது.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. கிமு 332-ல் அலெக்சாண்டர் டைர் நகரத்தை முற்றுகையிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடந்தபோது, சாட்டிர் என்ற ஆட்டுக்கால் வனதேவன் ஒருவன் தன் கேடயத்தின் மேல் ஆடுவதாகக் கனவு கண்டாராம். கூட இருந்த குறிசொல்லி அரிஸ்டாண்டர் அந்தச் சொல்லை இரண்டாக உடைத்தார். கிரேக்கத்தில் 'சா டைரோஸ்' என்றால் 'டைர் உன்னுடையது'. நகரம் விழுந்தது. கிபி 2-ஆம் நூற்றாண்டில் கனவு நூல் எழுதிய ஆர்ட்டெமிடோரஸ் இதைச் சொல்கிறார், அவரிடமிருந்து உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் எடுத்துக்கொள்கிறார். கணிப்பு பலித்ததா என்பதை விடுங்கள். அந்த வனதேவன் தமிழ்க் கனவில் வந்திருந்தால் அவனுக்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது.

சரி, தமிழில் இருட்டு என்னவெல்லாம் செய்கிறது? 'தெரியவில்லை' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் புலப்படாததற்கும் அதுதான், அறியாததற்கும் அதுதான். "எதிரே வர்ற ஆள் தெரியலை" என்கிறோம். "என்ன பண்றதுன்னே தெரியலை" என்கிறோம். பகல் முழுக்க "ஒண்ணும் தெரியலையே" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரிந்தவருக்கு, இராத்திரி ஒன்றும் தெரியாத ஒரு கனவு வந்தால் அதில் குறியீடு என்று பெரிதாக எதுவும் இல்லை. வாக்கியம் அப்படியே படமாகியிருக்கிறது. துக்கத்தில் நமக்கு உலகமே இருண்டு போகிறது. பசியில் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. மழைக்கு முன் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, அது சந்தோஷமான இருட்டு. கஷ்டம் தீராதவருக்கு விடியவே இல்லை. தேர்வு முடிவுக்காகவோ, விசாவுக்காகவோ, ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகவோ காத்திருக்கிறவரின் இருட்டும், அம்மாவைப் புதைத்துவிட்டு வந்தவரின் இருட்டும் கனவில் பார்ப்பதற்கு ஒரே கறுப்பாக இருக்கலாம். பின்னால் இருக்கும் வாக்கியம் வேறு. அந்த வாக்கியத்தைக் கண்டுபிடிக்காமல் பலன் சொல்வது, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

இருட்டுக்கும் தெரிதலுக்கும் உள்ள இந்த முடிச்சை நம் ஊரில் மிகக் கூர்மையாகப் பிடித்தவர் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உமாபதி சிவாசாரியார். அவர் எழுதிய சைவ சித்தாந்த நூலான திருவருட்பயனில் 'இருள்மலநிலை' என்று ஒரு பகுதியே இருக்கிறது. உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தை இருள் என்று சொல்லிவிட்டு, உடனே அந்த உவமை போதாது என்கிறார். சாதாரண இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது, ஆனால் தன்னையாவது காட்டும். 'இங்கே இருட்டாக இருக்கிறது' என்றாவது நமக்குத் தெரியும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இதைக் கனவுக்கு அவர் சொல்லவில்லை. ஆனாலும் இருட்டுக் கனவு கண்டு பயந்தவர்களிடம் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது: உங்கள் இருட்டு தன்னைக் காட்டிக்கொண்டுவிட்டது. 'எனக்கு ஒன்று தெரியவில்லை' என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இலக்கியத்தில் வரும் இருட்டுக் கனவுகளில் என்னை விடாமல் பிடித்துக்கொள்வது பாண்டிய அரசி கோப்பெருந்தேவியின் கனவு. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையின் தொடக்கம். கோவலன் கொலையுண்டாயிற்று, கண்ணகி அரண்மனையை நோக்கி வந்துகொண்டிருக்கிறாள். அரசிக்கு அது எதுவும் தெரியாது. தோழியிடம் தான் கண்ட கனவைச் சொல்கிறாள். குடையும் செங்கோலும் விழுகின்றன. வாசலில் கட்டிய ஆராய்ச்சி மணி நடுங்குகிறது. எட்டுத் திசையும் அதிர்கின்றன. 'கதிரை இருள் விழுங்கக் காண்பென்காண் எல்லா' என்கிறாள், சூரியனை இருள் விழுங்கக் காண்கிறேன் தோழி என்று. அப்புறம் இரவில் வானவில் தோன்றுகிறது, பகலில் விண்மீன் எரிந்து விழுகிறது.

கவனித்தால் இங்கே பயமுறுத்துவது வெறும் இரவு இல்லை. இரவு வந்து போனால் அது நாள்கணக்கு, அதில் யாருக்கும் பயமில்லை. இருள் தன் முறைக்கு வராமல், சூரியன் இருக்கும்போதே வந்து அதை விழுங்குகிறது. பகலில் வர வேண்டிய வில் இரவிலும், இரவில் வர வேண்டிய மீன் பகலிலும் வருகின்றன. முறை தவறிவிட்டது என்ற ஒரே செய்தியை அந்தக் கனவு மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கிறது. தீர விசாரிக்காமல் தண்டனை கொடுத்த ஒரு அரண்மனைக்கு வேறு எந்தக் கனவு வரும்? அரசி இதை அரசனிடமும் போய்ச் சொல்கிறாள். அவள் சொல்லி முடிக்கும் வேளையில் வாசலில் கண்ணகி.

இதோடு கோவலனின் கனவை வைத்துப் பாருங்கள். அவன் நள்ளிருள் யாமத்தில் கண்டதாக மாடலன் என்ற மறையவனிடம் சொல்லும் கனவில் அவனுடைய ஆடை பறிபோகிறது, அவன் எருமையின் மேல் ஏறிப் போகிறான். அங்கே இருட்டு காட்சியாக வரவில்லை. அது எருமையின் உடம்பாக வருகிறது. எமனின் வாகனம், கறுப்பு. கனவு நடந்த நேரம் மட்டும் கவனமாகக் குறிக்கப்படுகிறது.

நேரத்துக்கு நம் மரபு கொடுத்த இடம் பெரிது. பொன்னவன் பெயரால் வழங்கும் கனா நூல் இரவை நான்கு சாமமாகப் பிரித்துக் கணக்குச் சொல்கிறது. முதல் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்தில், மூன்றாவது மூன்று மாதத்தில், கடைசிச் சாமத்தது பத்தே நாளில். 'விடியக்காலைக் கனவு பலிக்கும்' என்று வீட்டுக்கு வீடு சொல்வதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். இருட்டு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவு தூரத்தில் பலன். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வரும் கனவு நனவுக்கும் பக்கம்.

தூக்க ஆய்வில் இதற்கு ஒரு வேடிக்கையான துணை கிடைக்கிறது. தூங்குகிறவரின் கண்கள் இமைக்குள்ளே வேகமாக அசையும் ஒரு கட்டம் உண்டு, தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன என்று 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தார்கள். சுமார் தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு முறை அந்தக் கட்டம் வந்து போகிறது. முன்னிரவில் சில நிமிடங்களில் முடிந்துவிடும், விடியலை நெருங்க நெருங்க நீளும். எனவே நீளமான, கதை போன்ற கனவுகள் கடைசிச் சாமத்தில்தான் அதிகம். அதோடு அப்போது விழிப்பும் பக்கத்திலேயே இருப்பதால் நினைவில் தங்குகின்றன. நினைவில் தங்கிய கனவுதானே பலிக்க முடியும்? மறந்துபோன முன்னிரவுக் கனவு பலித்ததா இல்லையா என்று யார் கணக்குப் பார்ப்பது! மேலே சொன்ன ஆர்ட்டெமிடோரஸ் நேரக்கணக்கை நம்பவில்லை. அளவாகச் சாப்பிட்டுப் படுத்தால் எந்த நேரத்துக் கனவும் ஒன்றுதான், வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு விடியற்காலைக் கனவும் உண்மை சொல்லாது என்பது அவர் தீர்ப்பு. கல்யாண வீட்டுப் பந்திக்குப் பிறகு வரும் கனவுகளைப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

இருட்டுக் கனவு என்று பலரும் சொல்லும் ஒன்று உண்மையில் முழுக்கனவு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். விழிப்பு வந்துவிட்டது, அறை தெரிகிறது, மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. கை கால் அசையவில்லை. மூலையில் கறுப்பாக ஒரு உருவம், அல்லது நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கத்தினால் குரல் வரவில்லை. ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். கண் அசையும் அந்தத் தூக்கக் கட்டத்தில், கனவில் ஓடுவதை நிஜமாகவே ஓடிவிடாமல் இருக்க மூளை உடம்பின் தசைகளைக் கட்டிப் போடுகிறது. மனம் முந்தி விழித்துக்கொண்டு கட்டு அவிழத் தாமதமானால் இப்படி ஆகிறது. சில விநாடிகளிலோ, ஓரிரு நிமிடங்களிலோ தானாகத் தீரும். இங்கே உள்ள இருட்டு உங்கள் படுக்கையறையின் நிஜ இருட்டு. அதில் ஆளைச் சேர்ப்பது மட்டும் கனவின் வேலை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொன்னவர் இதை அனுபவித்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பயம் இருட்டிலிருந்து வருகிறது என்ற எண்ணத்தையே அசைக்கும் ஒரு செய்தியும் உண்டு. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களின் கனவில் காட்சி இருப்பதில்லை. ஒலி, தொடுகை, மணம், சுவை இவைதான். வெளிச்சம் இல்லாத இடத்தில் இருட்டு என்ற ஒன்றும் இல்லை. 2014-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வில், அப்படிப்பட்டவர்களின் கனவுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று கெட்ட கனவாக இருந்தது. பார்வை உள்ளவர்களுக்கு அது நூற்றுக்கு ஆறு அளவில்தான். ஆய்வில் பங்கேற்றவர்கள் ஐம்பது பேரே என்பதால் எண்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் கனவுகளில் வந்தவை என்னவென்று பாருங்கள்: காரில் அடிபடுவது, குழியில் விழுவது, வழிகாட்டும் நாயைத் தொலைப்பது. பகலில் எது அவர்களுக்கு நிஜ ஆபத்தோ அதுவே.

வழித்துணையைத் தொலைப்பது. இந்த இடத்தில் ஃப்ராய்ட் சொல்லும் ஒரு குழந்தையின் கதை ஞாபகம் வருகிறது. மூன்று வயதுப் பையன் இருட்டறையில் படுத்திருக்கிறான். பக்கத்து அறையில் இருக்கும் அத்தையைக் கூப்பிட்டு, ஏதாவது பேசு, பயமாக இருக்கிறது என்கிறான். பேசி என்ன ஆகப்போகிறது, உனக்கு என்னைத் தெரியவா போகிறது என்கிறாள் அத்தை. பரவாயில்லை, யாராவது பேசினால் வெளிச்சமாகிவிடுகிறது என்கிறான் பையன். குழந்தை பயப்படுவது இருட்டுக்கு இல்லை, வேண்டியவர் பக்கத்தில் இல்லாததற்கு என்று ஃப்ராய்ட் இதிலிருந்து எடுத்துக்கொண்டார். ஃப்ராய்ட் சொன்னதில் பலவற்றை இன்று யாரும் ஏற்பதில்லை. இந்தப் பையன் மட்டும் இன்னும் அசையாமல் நிற்கிறான்.

நம் அகமரபுக்கு இது புதிதில்லை. தொல்காப்பியத்தில் குறிஞ்சிக்கு உரிய பொழுது யாமம், அதாவது நள்ளிரவு. காதலர் கூடுகிற நேரம் அது. பிரிந்திருப்பவரை வாட்டுவது மாலை, வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும் வேளை. யாமத்து இருட்டு ஊர்க்கண்ணிலிருந்து மறைத்துக் காக்கிற இருட்டு. அந்தச் சந்திப்புக்கு இரவுக்குறி என்று பெயர். அது எங்கே நடக்க வேண்டும் என்று தொல்காப்பியர் விதி சொல்கிறார்: வீட்டு எல்லைக்குள்ளே, வீட்டார் பேசும் குரல் கேட்கும் தூரத்தில். கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டு, ஆனால் காதுக்கு மனிதர் எட்டும் இருட்டு. கனவில் இருட்டு வந்தது என்று யாராவது சொன்னால் 'என்ன பார்த்தீர்கள்' என்று கேட்பதைவிட 'என்ன கேட்டது' என்று கேட்பது பயன் தருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் யோசிப்பார்கள். அப்புறம் சொல்வார்கள்: தண்ணீர் ஓடும் சத்தம், ஒரு இருமல், பஸ் ஹார்ன்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் யுங்கின் கனவு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மாணவராக இருந்தபோது கண்டது, தன் வாழ்க்கை நினைவுகளில் சொல்கிறார். முன்பின் தெரியாத இடம், இரவு, மூடுபனி, எதிர்த்து அடிக்கும் காற்று. இரண்டு கைகளையும் குவித்து ஒரு சின்னச் சுடரை அணையாமல் காத்துக்கொண்டு நடக்கிறார். பின்னால் ஏதோ வருகிறது என்று தோன்றித் திரும்பினால் ஒரு பிரம்மாண்டமான கறுப்பு உருவம். பயந்து போனாலும் விளக்கை விடவில்லை. விழித்த பிறகுதான் புரிந்தது, அந்த உருவம் தன் நிழல், கையில் இருந்த விளக்கே பனியின் மேல் போட்ட நிழல். மனிதர் தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ள விரும்பாத பகுதிக்கு அவர் பிற்காலத்தில் நிழல் என்றே பெயர் வைத்தார். இந்தக் கோட்பாட்டை எல்லா இருட்டுக்கும் ஒட்டிவிடும் ஆட்களிடம் எனக்கு அலுப்பு உண்டு. கோட்பாட்டைவிட அந்தக் கனவு பெரிது. விளக்கு இல்லாமல் போயிருந்தால் அங்கே துரத்துவதற்கு யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

ஒரே இருட்டுக் கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால் என்ன செய்வது? சில இரத்த அழுத்த மாத்திரைகள்கூடக் கெட்ட கனவைத் தரும் என்பதால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடலாம். மனநல மருத்துவத்தில் எளிய முறை ஒன்று உண்டு. கனவைப் பகலில் தாளில் எழுத வேண்டும். அதில் எந்த இடத்தை வேண்டுமானாலும் நமக்குப் பிடித்தபடி மாற்றி எழுத வேண்டும். மாற்றிய கனவைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பேரி கிராக்கோ குழுவினர் செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில் இதனால் கெட்ட கனவுகள் குறைந்தன, தூக்கமும் தேறியது.

எனக்கு அந்த அளவுக்குத் தொந்தரவு இல்லை. ஆனாலும் என் சுவிட்ச் கனவை ஒரு நாள் தாளில் எழுதிப் பார்த்தேன். கதவு, நடை, பலகை, டக், டக், எதிர்வீட்டு மாடி. 'என்ன கேட்டது' என்ற என் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். சத்தம் ஒன்று இருந்தது. இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லாமல் விட்ட சத்தம். உள்ளறையில் பாக்குவெட்டி. கொட்டைப்பாக்கை நறுக்கும்போது முதலில் ஒரு 'க்ருக்', அப்புறம் அது இரண்டாக உடையும் 'டக்'. சுவிட்சுச் சத்தத்தோடு கலந்து போயிருந்தது.

சின்ன வயதில் நான் கெட்ட கனவு கண்டு அலறினால் அப்பத்தா ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, இரும்பு பக்கத்தில் இருந்தால் எதுவும் அண்டாது என்று அந்தப் பாக்குவெட்டியைத்தான் என் தலையணைக்கு அடியில் வைப்பாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத் திருப்பிக் கேட்பாள்.

மாற்றி எழுதிய கனவில் நான் லைட்டை எரிய வைக்கவில்லை. சுவிட்சை விட்டுவிட்டு, "அப்பத்தா, இருக்கியா?" என்று கேட்பதாக மட்டும் எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு முறை அந்தக் கனவு வந்தது. இரண்டு முறையும் சுவிட்சைத்தான் தட்டினேன், கேட்க மறந்துவிட்டேன். லைட் எரியவில்லை. உள்ளே பாக்கு நறுக்கும் சத்தம் இப்போது தனியாகக் கேட்கிறது.